இருபது கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு மடக்குக் கூண்டு

மிளகு எங்களுக்குக் கிடைத்தது ஏற்காடு மலை மேல் இருக்கிற நாகலூரில். அம்மா வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியின் அடியில், நனைந்த சருகுக்குள் கன்னங்கரேலென்று ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. பேர் வைத்தது அம்மாதான். நாட்டு நாய், பெட்டை. இப்போது இரண்டு வயது முடிந்து 16 கிலோ இருக்கிறாள். சேலம் அம்மாப்பேட்டையில் எங்களோடு வளர்கிறாள்.

அம்மா மலையை விட்டு இறங்கமாட்டார். அரை ஏக்கர் காப்பியும் நாலு ஆரஞ்சு மரமும்தான் அவருக்கு உலகம். அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள்தான் ஏறுகிறோம். ஒரே ஒரு தடவை மிளகை விட்டுவிட்டுப் போனோம். அம்மா வாசலில் நின்று காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அவ எங்கடி?" என்றுதான் முதலில் கேட்டார்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில், அடிவாரம் தாண்டியதும், 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் மிளகு பின்சீட்டில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டுதான் வருவாள். சித்திரையில் ஒருநாள், பதினோராவது வளைவில், மேலிருந்து ஒரு பஸ் அகலமாக ஒடித்துத் திரும்பியது. வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். என் கையிலிருந்த பெல்ட் நழுவி, மிளகு இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே போய் கியர் மேல் விழுந்தாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் பயத்தில் அவர் கால் பக்கம் நுழையப் பார்த்தாள். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவர் ஒரு கையால் அவளைத் தள்ளிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருந்த அந்த அரை நிமிஷத்தை இன்னும் நான் மறக்கவில்லை. பிரேக்குக்கு அடியில் ஒரு நாய் புகுந்துகொண்டால் என்ன ஆகும்? அன்று ராத்திரியே முடிவு செய்தோம்: கூண்டு இல்லாமல் இனி மலை ஏறுவதில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் ஆனது. ஒரு கூண்டை வாங்கி விற்றேன், ஒன்றை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன், மூன்றாவதைப் பிரித்துத் தைத்து எங்கள் வண்டிக்கும் எங்கள் நாய்க்கும் சரிப்படுத்தினேன். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். துணியும் ஜிப்பும் எனக்குப் பழக்கம், நாய்க்கூண்டுதான் புதுசு. மலைப்பாதையில் நாயைக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வாங்கியது

மடக்குக் கூண்டுகள் பெரும்பாலும் 24, 30, 36, 42, 48 இஞ்ச் என்ற அளவுகளில் வருகின்றன. அது கூண்டின் நீளம். நான் 42 எடுத்தேன், துணிக் கூண்டு, 4,200 ரூபாய். நாய் தாராளமாக உட்காரட்டும், படுக்கட்டும், திரும்பட்டும் என்று நினைத்தேன். அன்பினால் செய்த தவறு அது.

முதல் சிக்கல் வண்டியிலேயே தெரிந்தது. பின்சீட்டைச் சாய்த்துவிட்டால் உள்ளே உயரம் 80 செ.மீ. இருக்கிறது என்று அளந்து வைத்திருந்தேன். கூண்டின் உயரம் 76. ஆனால் டிக்கிக் கதவு திறக்கிற வாயின் உயரம் 68 தான். விரித்த கூண்டு உள்ளே போகவில்லை. மடக்கியபடி உள்ளே தள்ளி, நான் பின்கதவு வழியாக ஏறி, குனிந்துகொண்டே சட்டத்தை விரிக்க வேண்டியிருந்தது. கார் வாங்கும்போது டிக்கி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிறோம், அதன் வாயை யாரும் அளப்பதில்லை. கூண்டு வாங்குகிறவர்கள் அந்த வாயைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மூன்றாவது வளைவில் வந்தது. மிளகு நின்றுகொண்டிருந்தாள். வண்டி வலப்பக்கம் ஒடிந்ததும் அவள் இடப்பக்கச் சுவரில் போய் மோதினாள். அடுத்த வளைவில் அந்தப் பக்கம். அடியில் இருந்தது வழவழப்பான பாலியெஸ்டர் துணி, அதன் மேல் கடையில் கொடுத்த மெல்லிய மெத்தை. மெத்தை அவளோடு சேர்ந்து நகர்ந்தது. நகம் துணியைப் பிராண்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. எட்டாவது வளைவில் வாயிலிருந்து எச்சில் கம்பி கம்பியாக ஒழுகியது. அடுத்த வளைவு திரும்புவதற்குள் வாந்தி.

ஓரமாக நிறுத்தினோம். அங்கே குரங்குக் கூட்டம். ஏற்காடு ரோட்டில் வண்டி நின்றாலே தின்பதற்கு ஏதாவது வரும் என்று அவை பழகிவிட்டன. மிளகு குரைத்தாள், மூக்கால் ஜிப்பை நெம்பினாள், ரன்னர் இரண்டு விரல் அகலம் விலகியது, அந்தச் சந்தில் தலையை விட்டாள், அவ்வளவுதான், கதவு முழுசாகத் திறந்துகொண்டது. நான் டிக்கியைத் திறக்காமல் பின்சீட்டுக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் பிடித்துவிட்டேன். டிக்கியைத் திறந்திருந்தால் அவள் குரங்கின் பின்னால் பள்ளத்தில் இறங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தால் வளைவில் ஆட்டம் தெரியாது. சீட்டு முழுக்கக் காலியாக இருந்து ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் முன்கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். நாய்க்குப் பிடிக்கக் கை கிடையாது. சுவர் பக்கத்தில் இருந்தால்தான் முதுகை முட்டுக்கொடுத்து உட்காரும். 42 இஞ்ச் கூண்டில் அவளுக்கு முட்டுக்கொடுக்கச் சுவர் எட்டவில்லை. சீலநாயக்கன்பட்டியில் லாப்ரடார் வளர்க்கிற ஒரு குடும்பத்துக்கு 3,000 ரூபாய்க்கு அதைக் கொடுத்துவிட்டேன். அந்த நாய்க்கு அது அளவாக இருக்கிறது.

நாயை அளப்பது

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற இஞ்ச் டேப்பும் சாக்பீஸும் போதும். ஆனால் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். முதல் நாள் மிளகு டேப்பைக் கண்டு தலையைத் தொங்கப்போட்டுவிட்டாள், உயரம் ஆறு செ.மீ. குறைவாக வந்தது. இரண்டாம் நாள் வீட்டுக்காரர் வேகவைத்த முட்டையை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சுவரோரம் தானாக நின்றாள். தலைக்கு மேல் ஸ்கேலைப் படுக்கவைத்துச் சுவரில் கோடு போட்டேன். மூன்று நாளில் கிடைத்ததில் பெரிய எண்ணையே வைத்துக்கொண்டேன்.

கணக்குக்கு ஐயாட்டா என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் முறையை எடுத்தேன். விமானத்தில் நாயை அனுப்புகிற பெட்டிக்கு அவர்கள் சொல்லும் அளவு அது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு நீளம். வாலைச் சேர்க்கக் கூடாது. தரையிலிருந்து முன்கால் முட்டி வரை ஓர் உயரம். முட்டி என்றால் நெஞ்சை ஒட்டி மடங்குகிற மூட்டு, கீழே இருக்கும் மணிக்கட்டு இல்லை. தோளின் அகலம். நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை உயரம், காது அதைவிட மேலே நின்றால் காது நுனி வரை. பெட்டியின் நீளத்துக்கு முதல் நீளத்தோடு முட்டி உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். அகலத்துக்குத் தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. உயரத்துக்கு நிற்கும் உயரமும் விரிப்பின் கனமும்.

மிளகுக்கு நீளம் 73, முட்டி 28, தோள் 20, உயரம் 59. ஆக, கூண்டின் உள்ளளவு நீளம் 87, அகலம் 40, உயரம் 59-க்கு மேல் விரிப்பு. 36 இஞ்ச் கூண்டு வெளியளவில் 91-க்கு 58-க்கு 64 வருகிறது. உள்ளே சட்டத்தின் குழாய் இரண்டு மூன்று செ.மீ. தின்றுவிடும் என்பதால் எனக்கு 88, 55, 62 கிடைத்தது. அவளுக்கென்றே தைத்தது போல. அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது வெளியளவு என்பதை மறந்துவிடக் கூடாது. குட்டிக்கு வாங்குகிறவர்கள், அது வளர்ந்து முடிகிற வரை இரவல் கூண்டில் ஓட்டுவது நல்லது.

இரவல் கம்பிக் கூண்டு

கோரிமேட்டில் தெரிந்தவர் வீட்டில் 36 இஞ்ச் கம்பிக் கூண்டு சும்மா இருந்தது. இரண்டு வாரம் வாங்கி வைத்துக்கொண்டேன். சூட்கேஸ் மாதிரி மடிகிறது, ஒரு நிமிஷத்தில் விரிகிறது, நாலு பக்கமும் காற்று வருகிறது, அழுக்கானால் கீழ்த்தட்டை இழுத்துக் கழுவிக்கொள்ளலாம். துணியைக் கடித்துக் கிழிக்கிற நாய் வைத்திருந்தால் இதைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

எனக்கு ஒத்துவராததற்கு இரண்டு காரணம். ஒன்று எடை. பத்து கிலோ. எங்கள் தறிக்காரச் சந்தில் கார் வராது, வண்டியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். நாகலூரிலோ ரோட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு அறுபது படி இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் படியில் வெறுங்கையோடு இறங்குவதே கவனம். இன்னொன்று சத்தம். வண்டி ஓடத் தொடங்கியதும் கம்பியும் பிளாஸ்டிக் தட்டும் சேர்ந்து கடகடவென்று அடிக்கின்றன. கேபிள் டை போட்டு இறுக்கினேன், தட்டுக்கு அடியில் பழைய கம்பளி விரித்தேன், பாதி குறைந்தது. மிளகு அந்த மீதிப் பாதிக்கே நடுங்கினாள். விசைத்தறிச் சத்தத்திலேயே தூங்குகிற நாய் அவள். ஆனால் காதுக்குப் பக்கத்தில் விட்டு விட்டு அடிக்கிற சத்தம் வேறு.

கம்பிக் கூண்டு வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். நாயை உள்ளே விடுமுன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பட்டையில் தொங்குகிற வில்லை கம்பிச் சந்தில் மாட்டினால் நாய் இழுக்கும், இழுக்க இழுக்க இறுகும். மிளகுக்கு ஒரு தடவை அப்படி மாட்டியது. நான் அதே அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்ததால் கத்தரியோடு ஓடிப்போய் விடுவித்தேன்.

மூன்றாவது, இப்போது இருப்பது

மறுபடியும் துணிக் கூண்டுதான். 36 இஞ்ச், 600 டெனியர் துணி, எடை நாலரை கிலோ, 3,600 ரூபாய். டெனியர் என்பது நூலின் கனம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். அம்மாப்பேட்டையில் இதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கடையில் நேரில் பார்த்து வாங்குகிறவர்கள் துணியை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் விலகி வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

துணியைவிட நான் அதிக நேரம் பார்த்தது சட்டத்தை. குழாய்கள் சேருகிற மூலையில் பிளாஸ்டிக் முட்டி இருந்தால் மலைப்பாதையின் உதறலில் அது சீக்கிரம் விரிசல் விடும் என்று தோன்றியது. இரும்புக் குழாய்க்குள் பித்தான் அழுத்திப் பூட்டுகிற மாதிரி உள்ளதை எடுத்தேன். கதவு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கூண்டைக் காருக்குள் வைத்த பிறகு, பின்சீட்டுக் கதவைத் திறந்தால் கூண்டின் கதவு நேராக வர வேண்டும். முன்பக்கம் மட்டும் கதவுள்ள கூண்டை வைத்தால் டிக்கி வழியாகத்தான் நாயை எடுக்க முடியும். பின்னால் வருகிற வண்டிகளுக்கு நடுவே அது ஆபத்து. என்னுடையதில் முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலே ஒன்று. மேல் கதவைக் கொஞ்சம் திறந்து கையை உள்ளே விட்டு அவள் காதைத் தடவிக்கொண்டே வரலாம். என்னைப் பொறுத்தவரை மேல் கதவுக்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

தரை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். துணிக் கூண்டுக்குத் தரை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சாய்த்த சீட்டின் முதுகும் டிக்கியும் சேருகிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. கூண்டின் அடித்துணி அந்த மேட்டின் மேல் தொட்டில் போலத் தொங்கி நிற்கும். நாய் அதில் கால் வைக்கும்போதெல்லாம் அமுங்கும். நிற்கிற இடம் உறுதியாக இல்லாத நாய் படுக்காது. படுக்காத நாய் வளைவில் விழும். விழுந்த நாய் அடுத்த தடவை கூண்டைக் கண்டாலே ஓடும்.

6 மி.மீ. பிளைவுட் ஒரு துண்டு, 87-க்கு 54 செ.மீ. அளவில் மரக்கடையில் வெட்டி வாங்கினேன். எடை ஒன்றே முக்கால் கிலோ. நாலு மூலையையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வட்டமாக அரத்தால் ராவினேன். கூர்மூலை துணியை ஒரே பயணத்தில் ஓட்டை போட்டுவிடும். விளிம்பு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கையால் தடவிப் பார்த்து, சிலாம்பு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகு இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். வாசம் போக ஒரு வாரம் மொட்டைமாடியில் கிடந்தது. மேட்டைச் சமப்படுத்த, தாழ்ந்த பக்கம் பழைய போர்வையை நாலாக மடித்து வைத்தேன்.

அதற்கு மேல் என்ன விரிப்பது என்பதில் மூன்று தடவை மாற்றினேன். யோகா மேட் முதல் நாளே பல் பட்டுத் துண்டு துண்டாக வந்தது, விழுங்கிவிடுவாள் என்று பயந்து எடுத்துவிட்டேன். தேங்காய்நார் மிதியடி நன்றாகப் பிடித்தது, ஆனால் எச்சில் பட்டதும் ஊறி நாறியது, வயிற்றிலும் குத்தியது. மூன்றாவதாக அம்மா வீட்டுப் பரணிலிருந்த பவானி ஜமுக்காளம். தடித்த பருத்தி நூல், அழுத்தமான நெசவு. நாயின் நகம் அந்த வரிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. கிழிவதும் இல்லை. அழுக்கானால் துவைக்கல்லில் அடித்துத் துவைக்கலாம். பாதியாக வெட்டி, வெட்டிய ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தேன்.

இப்போது அடுக்கு இப்படி இருக்கிறது: கூண்டுக்கு வெளியே, அடித்துணிக்குக் கீழே, அலமாரியில் விரிக்கிற வலைமாதிரி ரப்பர் விரிப்பு. அது கூண்டை நகரவிடாது. உள்ளே பிளைவுட். அதன் மேல் கைக்குழந்தைக்குப் போடுகிற ரப்பர் ஷீட். எல்லாவற்றுக்கும் மேலே ஜமுக்காளம். பிளைவுட்டின் அடியில் நாலு மூலையிலும் வெல்க்ரோ ஒட்டி, ஜமுக்காளத்தின் காதுகளை அடியில் மடித்து அதில் ஒட்டவைத்தேன். விரிப்பு ஒரு விரல்கூட நகராது. கூண்டை மடக்கும்போது பிளைவுட் அதே தட்டையில் உள்ளே படுத்துக்கொள்கிறது.

இதைப் போட்டு வண்டியில் வைத்து, மிளகை ஏற்றிய அன்றைக்கு அவள் முன்காலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகைச் சுவரில் சாய்த்துப் படுத்தாள். ஓடாத வண்டிதான். ஆனாலும் காரில், கூண்டுக்குள் அவள் தானாகப் படுத்தது அன்றுதான் முதல் தடவை. நான் சாலையோரத்தில் அழுதுவிட்டேன்.

ஜிப்பும் பெல்ட்டும்

ஐந்து ரோட்டுப் பக்கம் கார் சீட் கவர் தைக்கிற அண்ணனிடம் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னங்கக்கா, ஜிப்பு போயிருச்சா?"

"ஜிப்பு நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. மூக்குலயே நெம்பித் தெறந்துர்றா."

அவர் ரன்னரை இழுத்துப் பார்த்தார். "அஞ்சாம் நம்பர் ஜிப்புங்க இது. கதவுக்கு மட்டும் எட்டாம் நம்பர் போட்டுக்கங்க. ரெண்டு ரன்னரையும் ஒரே எடத்துக்குக் கொண்டாந்து ஒரு கொக்கி மாட்டிருங்க. பூட்டு கீட்டு போட்றாதீங்க, அவசரம்னா ஒரே கையில தெறக்கோணும்."

அப்படியே செய்தேன். பழைய ஜிப்பைப் பிரித்து, பல் பெரிதான எட்டாம் நம்பர் வைத்து, தடித்த 18-ஆம் நம்பர் ஊசியும் நைலான் நூலும் போட்டுத் தைத்தேன். வீட்டு மிஷினில் இந்தத் துணியை வேகமாக ஓட்டக் கூடாது, மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் மூலைகளைக் கடந்தேன். இரண்டு ஊசி முறிந்தன. ரன்னர் இரண்டும் சேருகிற இடத்தைக் கீழ் மூலையில் வைக்காமல், மூக்கு எட்டாத மேல் மூலையில் வைத்தேன். சாவிக்கொத்தில் மாட்டுகிற சுழல் கொக்கி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

கூண்டைச் சுற்றி 38 மி.மீ. நைலான் பெல்ட் இரண்டு. பக்கிள் போட்டு இறுக்கி, டிக்கித் தரையில் இருக்கிற கொக்கிகளில் கட்டிவிடுகிறேன். இந்தப் பெல்ட் கூண்டு நகராமல், சரியாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி வேகமாக மோதினால் துணிக் கூண்டு நாயைக் காப்பாற்றாது. அதற்கென்று மோதல் சோதனை செய்து தயாரிக்கிற கெட்டிக் கூண்டுகள் தனி, அவை பெரும்பாலும் மடங்குவதும் இல்லை, விலையும் பல மடங்கு. எங்கள் கூண்டு செய்வது, நாய் ஓட்டுகிறவரின் காலுக்குள் வராமல் தடுப்பது, வளைவில் அவளுக்கு முட்டுக்கொடுப்பது. இது தெரிந்தே நாங்கள் மெதுவாகப் போகிறோம்.

கூண்டை வண்டியின் குறுக்கே வைத்தும் பார்த்தேன், நீளவாக்கில் வைத்தும் பார்த்தேன். குறுக்கே வைத்தால் வளைவில் அவள் தலை ஒரு சுவரில் முட்டுகிறது, அடுத்த வளைவில் பின்பக்கம் முட்டுகிறது. நீளவாக்கில் வைத்தால் வளைவின் தள்ளலை அவள் விலா முழுக்க வாங்கிக்கொள்கிறது. நீளவாக்கே எங்களுக்குச் சரி.

கூண்டுக்குப் பழக்கியது

மூன்று வாரம். இதில் அவசரப்பட்டால் மேலே சொன்ன எல்லா வேலையும் வீண். முதல் வாரம் கூண்டு எங்கள் கூடத்தில், மிஷினுக்குப் பக்கத்தில், கதவைச் சுருட்டிக் கட்டிய நிலையில் இருந்தது. உள்ளே அம்மாவின் பழைய பருத்திப் புடவை. சோறு உள்ளே, தண்ணீர் வெளியே. நான் அவளை ஒரு தடவைகூட உள்ளே தள்ளவில்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய்த் தூங்கினாள்.

இரண்டாம் வாரம் கதவை மூடி ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு ஒரு ஜாக்கெட் கை தைத்து முடிக்கிற நேரம். முனகத் தொடங்குமுன் திறந்துவிட வேண்டும். முனகிய பிறகு திறந்தால் முனகினால் திறக்கும் என்று கற்றுக்கொள்வாள். மூன்றாம் வாரம் வண்டியில்: இஞ்சின் ஓடாமல் ஒரு நாள், இஞ்சின் ஓட ஒரு நாள், அயோத்தியாப்பட்டணம் வரை போய்த் திரும்பியது ஒரு நாள். பிறகு அடிவாரம் வரை போய், மூன்று வளைவு ஏறித் திரும்பினோம். வீட்டுக்காரர் அந்த மூன்று வளைவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

"கூண்டுல அடைச்சா கொண்டாரப் போற?" என்று அம்மா போனில் கோபப்பட்டார். அதிலிருந்து வீட்டில் நாங்கள் கூண்டு என்று சொல்வதில்லை. "மிளகு, ரூமுக்குப் போ" என்றால் போகிறாள்.

ஏறியது

புரட்டாசி முதல் சனிக்கிழமை. வாந்திக்காக முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டியிருந்தேன். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பு சோற்றை நிறுத்தச் சொன்னார், தண்ணீர் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். அதற்கும் நிற்காவிட்டால் மாத்திரை தருகிறேன், மனுஷருக்கான வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முன்னால். கூண்டின் இரண்டு பக்க வலைக்கும் மல்துணியில் திரை தைத்து வைத்திருந்தேன். அடிவாரம் வந்ததும் இறக்கிவிட்டேன். குரங்கும் தெரியாது, விர்ரென்று ஓடுகிற மரமும் தெரியாது, காற்று மட்டும் வரும்.

மூன்றாவது வளைவில் எழுந்து நின்றாள். ஐந்தாவதில் படுத்துவிட்டாள். எட்டாவதில் மேல் கதவு வழியாகக் கையை விட்டு வாயைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது, ஒழுகவில்லை. பதினோராவதில் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபதாவது தாண்டி ஊருக்குள் நுழைந்து ஏரிப் பக்கம் வண்டி சமதரையில் ஓடும்போது எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஜமுக்காளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அவ்வளவுதான்.

இறங்கும்போது ஒரு தடவை மலையின் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக வந்தோம். இறக்கத்தில் எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறது, அவள் நெஞ்சு கூண்டின் முன்சுவரில் அழுந்தியது. அடுத்த தடவை முன்சுவர் ஓரம் பழைய தலையணை ஒன்றை வைத்தேன். அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு வந்தாள்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கழற்றி ஒருநாள் மத்தியானம் கொண்டுபோனேன். முன்சீட்டில் ஏசி காற்றில் 26 டிகிரி காட்டியபோது கூண்டுக்குள் 31 காட்டியது. முன்னால் இருக்கிற நமக்குக் குளிர்கிறது என்பதை வைத்துப் பின்னால் இருக்கிற நாயைக் கணிக்கக் கூடாது. இப்போது மேல் கதவின் மூடியைச் சுருட்டிவிட்டு வலையோடு விடுகிறேன், ஏசிக் காற்றின் வாயை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறேன். இரண்டு டிகிரிதான் வித்தியாசம் வருகிறது. நின்ற வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயை விட்டுப் போவது ஐந்து நிமிஷத்துக்குக்கூட வேண்டாம். சேலம் வெயிலில் பத்து நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

இதே கூண்டில் ரயிலிலும் போகலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ (கதவுள்ள தனி அறைகள்) முழுவதும் நம் பேரில் இருக்க வேண்டும், பார்சல் ஆபீசில் நாய்க்குச் சீட்டும் போட வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்ப்பெட்டிதான். மற்ற ஏசி வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் ஏற்ற விடமாட்டார்கள். விமானத்தில் சரக்காக அனுப்ப இந்தத் துணிக் கூண்டை ஏற்க மாட்டார்கள், கம்பிக் கூண்டையும் மாட்டார்கள், கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ செய்த பெட்டி மாதிரி உறுதியானது வேண்டும்.

செலவு: கூண்டு 3,600, பிளைவுட்டும் வெட்டுக்கூலியும் 480, ஜிப், கொக்கி, பெல்ட், பக்கிள் எல்லாம் சேர்த்து 390, வெல்க்ரோவும் ரப்பர் ஷீட்டும் 260. வார்னிஷ் வீட்டில் இருந்தது. ஜமுக்காளத்துக்கு அம்மா காசு வாங்கவில்லை.

பாக்கி வேலை

இடப்பக்க வலையில் கீழ் மூலையில் நாலு கண்ணி விட்டிருக்கிறது. மிளகு படுக்கும்போது பின்னங்கால் நகம் படுகிற இடம் அது. உள்பக்கமாக ஒரு ஜாண் உயரத்துக்கு ரெக்சின் பட்டி வைத்துத் தைக்க வேண்டும். காற்று மேலே வருகிறது, கீழே மறைத்தால் பரவாயில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கூண்டுக்கு மேலே போர்த்த மெல்லிய படுதாவில் ஓர் உறை வெட்டியாக வேண்டும், அந்த அறுபது படியில் நனையாமல் கொண்டுபோக. துணி வாங்கி வைத்துவிட்டேன். அம்மா வீட்டுத் திண்ணையில் கூண்டை வைக்கிற இடத்துக்கு அம்மாவே ஒரு பலகையைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார், ஈரம் ஏறாமல் இருக்க. அதன் நீளத்தை அடுத்த சனிக்கிழமை போய் அளக்க வேண்டும்.